காரைக்குடி ஆர்க்டிக் கடலில் விழாமல் இருக்க

காரைக்குடி இருப்பது ஏறத்தாழ 10.07 வடக்கு, 78.78 கிழக்கு. க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஏற்றும்போது எக்ஸ் பெட்டியில் அட்சரேகையையும் ஒய் பெட்டியில் தீர்க்கரேகையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும். செக்காலை, செஞ்சை, கழனிவாசல், முத்துப்பட்டணம் எல்லாம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. அதன் கணக்கில் அதுவும் ஓர் இடம்தான்.

இந்தத் தப்பு ஒருவகையில் நல்ல தப்பு. பார்த்தவுடன் தெரிந்துவிடும், சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். பயப்பட வேண்டியது, காரைக்குடிக்குள்ளேயே பார்வைக்கு லட்சணமாக, ஆனால் தப்பான தெருவில் விழுகிற புள்ளிக்குத்தான். பொது சுகாதார வேலைக்கான வரைபட மென்பொருளையோ தரவு அலசும் மென்பொருளையோ பயனர்களை உட்கார வைத்துச் சோதிக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த வகைத் தப்பை. பொத்தான் எந்த நிறம், மெனு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்புறம்.

ஐஎஸ்ஓ 9241-11 என்ற சர்வதேசத் தரநிலை பயன்பாட்டுத் தன்மைக்கு (யூசபிலிட்டி) மூன்று அளவுகோல் சொல்கிறது: நினைத்த காரியம் சரியாக முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரமும் பாடும் ஆயிற்று, செய்தவருக்குத் திருப்தியா. நடைமுறையில் நம் ஊர்களில் கடைசி ஒன்றைத்தான் கேட்கிறார்கள். பயிற்சி முடிந்து டீ, வடை வந்தபிறகு 'எப்படி இருந்துச்சு?' என்றால் 'நல்லா இருந்துச்சு சார்' என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே கொடுக்கிற வேலையை மாற்ற வேண்டும். 'டெங்கு கேஸ்களை வரைபடத்தில் போடுங்கள்' என்பது மோசமான வேலை. ஏதாவது ஒரு படம் வந்தாலே முடிந்தது என்று ஆகிவிடும். 'நாளைக் காலையில் கொசுப்புழு தேடப் போக 6 பேர்தான் இருக்கிறார்கள். எந்த வார்டுக்கு முதலில் அனுப்புவீர்கள், ஏன்?' என்று கேளுங்கள். இதற்குச் சரியான விடை ஒன்றுதான் இருக்க வேண்டும், அது சோதிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குச் சோதனைக் கோப்பை நாமே சமைக்க வேண்டும். உண்மையான நோயாளிப் பட்டியலைத் தொடவே கூடாது. கற்பனைப் பெயர்களோடு 120 வரி போதும். அதில் தெரிந்தே தப்புகளை விதைக்கிறோம்: 4 வரியில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியவை, 3 வரியில் இரண்டுமே காலி, 6 வரியில் தேதிக் குழப்பம், 5 வரி அப்படியே இரட்டிப்பு, 8 வரியில் ஊர்ப்பெயர் வேறு எழுத்துக்கூட்டலில், 10 வரியில் 4/12 மாதிரியான கதவு எண். விதைத்த வரி எண்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும் எத்தனை விதை பயனர் கண்ணில் பட்டது, எத்தனையை மென்பொருள் தானாகச் சொன்னது, எத்தனை இரண்டு பேருக்கும் தெரியாமல் வரைபடத்துக்குள் போயிற்று என்று மூன்று எண்களைக் குறிக்கலாம். அந்த மூன்றாவது எண்தான் முக்கியம்.

காலி வரியை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடத்தும். சில அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்; சில 0, 0 என்று எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கினி வளைகுடாவில் போடும். கதவு எண் கதை வேறு. எக்செல்லில் 4/12 என்று அடித்ததும் கணினி அமைப்பைப் பொறுத்து அது டிசம்பர் 4 ஆகவோ ஏப்ரல் 12 ஆகவோ மாறிவிடும். மாறியபின் அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்குத் திருப்பினால் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஏதோ ஒரு எண் வந்து நிற்கும், கதவு எண் திரும்ப வராது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று அமைத்திருக்க வேண்டும். இது எக்செல்லின் குணம், நாம் சோதிக்கிற மென்பொருளின் தப்பு இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. களத்தில் எல்லோரும் எக்செல்லில்தான் அடிக்கிறார்கள். அதிலிருந்து வருகிற குப்பையைக் கண்டுபிடித்துச் சொல்வது அந்த மென்பொருளின் வேலைதான்.

ஊர்ப்பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழுக்கே உரிய கண்ணி இங்கேதான் இருக்கிறது. பள்ளத்தூரை எடுத்துக்கொள்வோம். சரியான 'தூ' என்பது த என்ற எழுத்தும் ஊகாரக் குறியும். ஆனால் அதை 'து' அடித்துப் பக்கத்தில் ஒரு காலைப் போட்டு 'பள்ளத்துார்' என்று அடிக்கிறவர்கள் ஏராளம். சின்ன எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஊர். நோய்ப் பட்டியலை எல்லைக் கோப்போடு (ஊர்களின் எல்லைக் கோடுகள் உள்ள வரைபடக் கோப்பு) ஊர்ப்பெயரை வைத்து இணைக்கும்போது இந்த வரிகள் சேராமல் போகும், வரைபடத்தில் பள்ளத்தூர் வெள்ளையாக நிற்கும். கோட்டையூரில் இதைவிடக் கமுக்கமான சிக்கல். 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். யூனிகோடு இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்புகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, செய்தால் கோட்டையூர் சரியாகிவிடும். பள்ளத்துார் சரியாகாது, 'து'வும் காலும் சேர்ந்தால் 'தூ' என்று யூனிகோடு விதி ஒப்புக்கொள்வதில்லை. அதற்குத் தனியாகத் தேடி மாற்றும் விதி எழுத வேண்டும். இன்னும் நல்ல வழி, பெயரை விட்டுவிட்டு ஊர்க் குறியெண்ணை வைத்து இணைப்பது.

சோதனையில் கவனிக்க வேண்டியது: இணைப்பு முடிந்ததும் '120இல் 8 வரி சேரவில்லை, அவை இவை' என்று மென்பொருள் பட்டியல் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் பயனர் வெள்ளை இடத்தைப் பார்த்து 'இங்க கேஸ் இல்ல' என்பார். இந்த வாக்கியம் காதில் விழுந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தொடர்பான மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சோதனைக் கோப்பில் அப்படி 5 வரி வையுங்கள். யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் சேமித்த சிஎஸ்வியை நேராக இரண்டு முறை சொடுக்கி எக்செல்லில் திறந்தால் எழுத்து உடையலாம். இது யுடிஎஃப்-8 என்று எக்செல்லுக்குச் சொல்லும் அடையாளக் குறியைக் கோப்பின் தலையில் வைத்துச் சேமிக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா பாருங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலா 3 பைட் என்பதால் 'வீடு' என்ற சொல்லே 12 பைட் ஆகி உள்ளே போகாது. ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஷேப்ஃபைலைப் பென்டிரைவில் கொடுக்கும்போது '.shp' என்று முடிகிற ஒன்றை மட்டும் நகலெடுத்து, கூடவே வர வேண்டிய கோப்புகளை விட்டுவிடுவது அன்றாடம் நடக்கிற தப்பு. அதையும் ஒரு வேலையாக வைத்துச் சோதியுங்கள்.

தமிழ் மெனு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் லேயர், டேபிள், ஃபில்டர் என்று பேசிக்கொண்டிருக்கையில் 'பண்புக்கூறு அட்டவணை' என்று எழுதினால் புரியாது. மெனுவை மொழிபெயர்த்தபின் 20 சொல்லைத் தாளில் எழுதி, 'இதை அமுக்கினா என்ன நடக்கும்னு நெனைக்கிறீங்க?' என்று கேட்டுவிடுவது அரைமணி நேர வேலைதான். 'தேர்வு' என்றால் பரீட்சை. 'கேஸ்' என்றால் நோயாளியும் ஆகும், சிலிண்டரும் ஆகும். செட்டிநாட்டுக்கென்று இன்னொன்று: 'புள்ளி'. நகரத்தார் வழக்கில் மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். 'மொத்தப் புள்ளிகள் 46' என்று திரையில் எழுதியிருந்தால், நாம் 46 இடம் என்று நினைப்போம், எதிரே உட்கார்ந்திருப்பவர் 46 குடும்பம் என்று படிக்க இடம் இருக்கிறது. 'குறித்த இடங்கள் 46' என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

இனி வீடு. செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து தெருவுக்குப் போகும். முன்வாசல் ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் ஜிபிஎஸ் எடுத்தவர் ஒரு தெருக்கணக்கில் சேர்ப்பார், பின்வாசல் பக்கம் வந்தவர் இன்னொரு தெருக்கணக்கில் சேர்ப்பார். ஒரே வீடு இரண்டாகும். அல்லது இரண்டு பேரும் 'அந்தப் பக்கத்து ஆள் பார்த்திருப்பார்' என்று விட்டுவிட, வீடு பட்டியலிலேயே இருக்காது. உள்ளே பங்காளிகள் தனித்தனி அடுப்படி வைத்திருந்தால் ஒரு கதவு எண்ணுக்குள் நான்கு குடும்பம். ஆகவே படிவத்தில் கட்டடத்துக்கு ஓர் எண், குடும்பத்துக்கு ஓர் எண் என்று இரண்டு கட்டம் தனித்தனியாக வேண்டும். தடித்த சுவருக்குள் நின்று ஜிபிஎஸ் எடுத்தால் பிசகும். முன்வாசல் திண்ணைக்கு வெளியே வந்து, துல்லியம் 10 மீட்டருக்குள் வந்தபின் சேமிப்பது என்று ஒரே விதி வைத்தால் பாதிச் சிக்கல் குறையும். ஓடிகே கலெக்ட் போன்ற களத் தரவு சேகரிக்கும் செல்போன் செயலிகள் துல்லியத்தை மீட்டரில் காட்டும். அது குறையும்வரை களப்பணியாளர் காத்திருக்கிறாரா, வந்த எண்ணோடு அமுக்கிவிட்டுப் போகிறாரா என்பதை வெயிலில் கூடவே நின்று பார்க்க வேண்டும். குளிர்சாதன அறையில் இது தெரியாது.

பூட்டிய வீடுகள்தான் இந்த ஊரின் பெரிய சோதனை. ஆச்சியும் செட்டியாரும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால்தான் கதவு திறக்கும். உள்ளே வளவில் வானம் பார்த்த முற்றம், மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டா, பின்கட்டில் தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பல படிவங்களில் 'கொசுப்புழு உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' இரண்டுதான் விடை. பூட்டிய வீட்டுக்கு வந்தவர் அடுத்த பக்கம் போக வேண்டுமே என்று 'இல்லை'யை அமுக்குவார்.

அதனால் கணக்கு எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். வார்டில் 200 வீடு, 80 பூட்டு, 120 வீட்டுக்குள் போய்ப் பார்த்ததில் 14 வீட்டில் புழு. வீட்டுக் குறியீடு என்பது பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு என்பது: 14/120, அதாவது 11.7. பூட்டிய 80ஐயும் 'இல்லை' என்று சேர்த்தால் 14/200, வெறும் 7. வீட்டுக் குறியீடு 10ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அந்த ஒரு பொத்தானால் வார்டு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிடுகிறது. ப்ரெட்டோ குறியீட்டுக்கும் இதே கதிதான். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்கிற அந்தக் கணக்கில், 18 பாத்திரம் என்றால் 15 வர வேண்டியது 9 ஆகிவிடும். படிவத்தில் 'பூட்டு' என்று மூன்றாவது விடை வேண்டும், வரைபடத்தில் அதற்குத் தனி நிறமோ கோடு போட்ட கட்டமோ வேண்டும். வெள்ளை கூடாது.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்நோ சாவுகளை வரைபடத்தில் குறித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். சாவு இல்லாத இடத்தையும் அவர் விடவில்லை. அதே தெருவில் இருந்த மதுவடிப்பு ஆலை ஆட்களுக்கு ஏன் வரவில்லை என்று விசாரித்தார். அவர்கள் நோயைப் பரப்பிய அந்தத் தெரு அடிகுழாய்த் தண்ணீரைக் குடிக்கவில்லை. காலியாக இருக்கிற இடத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றும்படி நம் மென்பொருள் படம் போடுகிறதா என்பதையும் ஒரு கேள்வியாகச் சோதனையில் சேர்க்கலாம்: 'இந்த வெள்ளை இடத்துல என்ன நடக்குது?'

அடுத்து வட்டம் போடுகிற வேலை. ஏடிஸ் கொசு பொதுவாக 400 மீட்டருக்குள்ளேயே சுற்றும் என்பதால், நோயாளி வீட்டைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போடச் சொல்வது இயல்பான வேலை. பயனர் பெட்டியில் 400 என்று அடிப்பார். லேயர் (வரைபடத்தின் அந்த அடுக்கு) அட்ச தீர்க்க அளவிலேயே இருந்தால் அது 400 டிகிரி. பெட்டிக்குப் பக்கத்தில் 'டிகிரி' என்று சின்னதாக எழுதியிருக்கும், கண் அங்கே போகாது. படம் முழுக்க நிறமாகிவிட்டதே என்று மிரண்டு 0.4 அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. நம் பக்கம் ஒரு டிகிரி சுமார் 110 கிலோமீட்டர், ஆகவே 0.4 என்பது 44 கிலோமீட்டர். புதுக்கோட்டையும் சிவகங்கையும் வட்டத்துக்குள் வந்துவிடும். முதலில் லேயரை மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது மென்பொருள் பட்டியலில் ஈபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணுக்கு மாற்றிவிட்டு 400 கொடுத்தால் மீட்டரில் வரும். (கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மண்டலம் 43.) இந்த வேலையில் எத்தனை பேர் தானாக மீண்டு வந்தார்கள், எத்தனை பேர் 44 கிலோமீட்டரை ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள் என்று பிரித்து எழுத வேண்டும்.

எல்லைக் கோப்பின் வயதையும் பாருங்கள். 2024இல் காரைக்குடியும் புதுக்கோட்டையும் மாநகராட்சி ஆயின. பழைய நகராட்சி எல்லையோடு ஓடுகிற வரைபடத்தில் புதிதாகச் சேர்ந்த பகுதியின் நோயாளிகள் ஊருக்கு வெளியே நிற்பார்கள். எல்லை எந்தத் தேதிக்கானது என்று திரையில் எங்காவது எழுதியிருக்கிறதா?

உட்கார வைத்துச் சோதிக்கும் முறைக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு மணி நேரம், அதில் வேலைகளுக்கு 40 நிமிடம், 5 அல்லது 6 வேலை. மேலதிகாரி அறையில் இருக்கக் கூடாது. இருந்தால் சோதனை பரீட்சையாகிவிடும். தொடக்கத்தில் 'நாங்க உங்களைச் சோதிக்கலை அக்கா, இந்த சாஃப்ட்வேரைத்தான் சோதிக்கிறோம். மனசுல ஓடுறதை வாயால சொல்லிக்கிட்டே செய்ங்க' என்று சொல்லிவிட்டு, சம்பந்தமில்லாத ஒரு வேலையில் இரண்டு நிமிடம் பழக்க வேண்டும். செல்போனில் அலாரம் வைக்கச் சொல்லலாம். பழக்காவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் வாய் மூடிவிடும்.

கிராம சுகாதார செவிலியர் 'இதை அமுக்கலாமா சார்?' என்று கேட்கும்போது 'ம்' என்று தலையாட்டினாலே அந்த வேலையின் முடிவு வீண். 'நாங்க இங்க இல்லேன்னா என்ன செய்வீங்க?' என்று திருப்பிக் கேளுங்கள். தடுமாறினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நம் ஆட்களுக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். விருந்தாளியைத் தவிக்கவிட்ட மாதிரி கை பரபரக்கும். 'எனக்குத்தாங்க கம்ப்யூட்டர் வராது' என்று அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால் அதை அப்படியே எழுதி, எந்தத் திரையில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அந்தத் திரையில் கோளாறு இருக்கிறது.

எத்தனை பேர் என்பதற்கு '5 பேர் போதும்' என்று எல்லோரும் சொல்வார்கள். பயன்பாட்டுத் தன்மை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993இல் தந்த கணக்கு அது: ஒரு குறை ஒருவர் கண்ணில் படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்றால் 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் வெளியே வரும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் வருகிற குறையை 5 பேரை வைத்துப் பிடிக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். மேலும் அந்த 5 ஒரே வகை ஆட்களுக்கு. களப்பணியாளர், டேட்டா எண்ட்ரி செய்கிறவர், மருத்துவ அலுவலர் மூவரும் ஒரே மென்பொருளில் மூன்று வேறு வேலை செய்கிறார்கள். வகைக்கு 5, மொத்தம் 15.

கடைசியில் எஸ்யுஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) கேள்வித்தாள், பயனர் கருத்தை மதிப்பெண்ணாக்குவது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. 10 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படைக் கேள்விக்கு மதிப்பெண்ணில் 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படைக்கு 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். 100க்கு 68ஐச் சராசரி என்பார்கள். இரட்டைப்படைக் கேள்விகள் எதிர்மறையானவை; தமிழாக்கும்போது 'தேவையில்லாமல் சிக்கலாக இல்லை என்று நினைக்கவில்லை' என்கிற மாதிரி முறுக்கிவிட்டால் எல்லோரும் 4 போட்டுவிட்டுப் போவார்கள். 10க்கும் 4 போட்ட தாள் வந்தால் கூட்டிப் பாருங்கள், சரியாக 50 வரும். அது படிக்காமல் போட்ட தாள், கணக்கில் சேர்க்காதீர்கள். எஸ்யுஎஸ் 80 வந்து, வார்டு கேள்வியில் 5க்கு 3 பேர் தப்பு என்றால் என்னைக் கேட்டால் அது நிறுத்திவைக்க வேண்டிய மென்பொருள். குறைகளுக்கு 0 முதல் 4 வரை தீவிரம் போடுவது வழக்கம். சத்தமில்லாமல் விடையை மாற்றுகிற குறைக்கு, அது ஒருவருக்கே நடந்திருந்தாலும், நான் 4தான் போடுவேன்.

திரையோடு சோதனையை முடித்துவிட வேண்டாம். வரைபடத்தை அலுவலகத்தில் இருக்கிற கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் ஏ4 தாளில் எடுங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக வந்தால், நிறம் தேர்ந்தவர் அந்தப் பிரிண்டரைப் பார்த்ததில்லை என்று பொருள். வெளிறியதிலிருந்து அடர்த்திவரை போகும் ஒரே நிறத்தின் 4 படிகள் திரையிலும் தாளிலும் நிற்கும். தாளில் கோட்டையூர், கொத்தமங்கலம் போன்ற பெயர்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் ஒழுங்காக நிற்கிறதா என்று பாருங்கள். திரையில் சரியாக இருந்து பிடிஎஃப்பில் உடைவது உண்டு. பிறகு அந்தத் தாளை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், கற்பனைத் தரவுதான் என்று சொல்லி, காட்டுங்கள். கானாடுகாத்தானில் ஒரு தெருவில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் அரை நிமிடத்தில் 'இது இன்னார் வீடுல்ல?' என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் வெளியே அனுப்பும் படத்தில் வீட்டுப் புள்ளியை எடுத்துவிட்டு வார்டு அளவில் நிறம் மட்டும் காட்ட வேண்டும். வீட்டுப் புள்ளி உள்ள படம் களப்பணியாளர் கையோடு போய், சாயங்காலம் அலுவலகத்துக்கே திரும்பி வர வேண்டும்.